சர்க்கரைவள்ளிக் கிழங்கை வீட்டில் சமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுவி, வேகவைத்து, தோலை உரித்துச் சாப்பிட வேண்டியதுதானே, சர்க்கரைவள்ளிக் கிழங்கில் கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் ஒரே கூடையிலிருந்து எடுத்த கிழங்கு ஒரு நாள் தேனாக இனிக்கிறது, மறுநாள் சப்பென்று இருக்கிறது. ஒரு நாள் மாவாக உதிர்கிறது, இன்னொரு நாள் தண்ணீர் கோத்துக் குழைகிறது. சில கிழங்கு எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தாலும் நடுவில் மட்டும் வேகவே மாட்டேன் என்கிறது. இவை எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. பல வருடமாக இந்தக் கிழங்கை விரும்பிச் சமைத்ததில் நான் கற்றுக்கொண்டதையும், கிழங்குக்குள் என்ன நடக்கிறது என்று படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரே மாதிரிதான் வேகவைக்கிறேன். ஒரு முறை இனிக்கிறது, ஒரு முறை சப்பென்று இருக்கிறது. ஏன்?

இந்தக் கிழங்கின் இனிப்பில் பெரும்பங்கு மண்ணில் உண்டாவதில்லை, அடுப்பில்தான் உண்டாகிறது. பச்சைக் கிழங்கைக் கடித்துப் பாருங்கள். லேசான இனிப்புத்தான் இருக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. கூடவே பீட்டா அமைலேஸ் என்ற நொதியும் இருக்கிறது. சூடு ஏறும்போது மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி இளகுகிறது. இளகிய மாவுச்சத்தை அந்த நொதி வெட்டி வெட்டி மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குகிறது. பச்சைக் கிழங்கில் மால்டோஸ் அநேகமாக இருக்கவே இருக்காது. வெந்த கிழங்கில் நாம் ருசிக்கும் இனிப்பில் அதுதான் முக்கியம்.

இந்த வேலை நடக்க ஏற்ற சூடு ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை. அதற்குக் கீழே மாவுச்சத்து இளகியிருக்காது. அதற்கு மேலே போனால் நொதி செயலிழந்துவிடும். ஆகவே, கிழங்கின் உட்பகுதி அந்தச் சூட்டைக் கடந்து போக எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறதோ, அந்த அளவுக்கு இனிப்பு கூடும். முழுக் கிழங்கை மெல்லச் சுட்டால் இனிக்கிறது. சின்னத் துண்டுகளாக நறுக்கிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வெந்துவிடுகிறது, ஆனால் இனிக்க அவகாசம் கிடைப்பதில்லை.

சமையலுக்கு முன்பே அமைந்துவிடும் காரணங்களும் உண்டு. தோண்டிய அன்றே சமைத்த கிழங்கைவிட இரண்டு மூன்று வாரம் இருந்த கிழங்கில் சர்க்கரை கூடுதல். ரகமும் முக்கியம். அந்த நொதி குறைவாக உள்ள ரகங்களை எப்படிச் சமைத்தாலும் பெரிதாக இனிக்காது. அதில் உங்கள் கைப்பக்குவத்தின் மேல் தவறு இல்லை.

அப்படியானால் எந்த முறை சிறந்தது? சுடுவதா, ஆவியா, தண்ணீரில் வேகவைப்பதா?

ஓவன் இருந்தால் சுடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்று 200 முதல் 250 கிராம் வரும் நடுத்தரக் கிழங்காக, ஒல்லியாகவும் நீளமாகவும் பார்த்து எடுங்கள். நன்றாகக் கழுவித் துடைத்து, தோலோடு தட்டில் வையுங்கள். 150 டிகிரியில் ஒரு மணி நேரம், அப்புறம் 200 டிகிரிக்கு ஏற்றி இன்னும் 20, 30 நிமிடம். அவசரமென்றால் நேராக 200 டிகிரியில் 45 முதல் 60 நிமிடம் வைத்தாலும் நன்றாகத்தான் வரும். முதல் முறையில் இனிப்பு ஒரு படி கூட.

கடைசிக் கால் மணி நேரம் ஓவன் கண்ணாடி வழியாகப் பாருங்கள். தோலில் வெடித்த இடங்களிலிருந்து பாகு கசிந்து, முதலில் தெளிவாக, பிறகு தேன் நிறமாக, கடைசியில் கருஞ்சிவப்புச் சொட்டாக உறையும். உள்ளே தோலும் சதையும் பிரிந்து ஓர் இடைவெளி விழுந்திருக்கும். விரலால் மேலே அழுத்தினால் தோல் தொய்ந்து உள்ளே போகும். கத்தியை நுழைத்தால் தடையே இல்லாமல் இறங்க வேண்டும். அந்தக் கட்டத்தில்தான் எடுக்க வேண்டும். தட்டில் சொட்டிய பாகு எளிதில் கருகிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அடியில் பேக்கிங் தாள் விரித்துக்கொள்ளுங்கள். கிழங்கை அலுமினியத் தாளில் சுற்ற வேண்டாம். சுற்றினால் உள்ளே ஆவி தங்கி, சுட்ட வாசனை வராமல் அவித்தது போலாகிவிடும்.

ஓவன் இல்லையென்றால் ஆவி. முழுக் கிழங்குக்கு 30 முதல் 40 நிமிடம். தண்ணீரில் முழுதாக வேகவைப்பது அதற்கு அடுத்தபடி. அப்போதும் பச்சைத் தண்ணீரில் கிழங்கைப் போட்டு, சிறு தீயில் மெதுவாகக் கொதி நிலைக்குக் கொண்டுவாருங்கள். கொதிக்கும் தண்ணீரில் போடாதீர்கள். மைக்ரோவேவ் கடைசி. தோலில் நாலைந்து இடத்தில் முள்கரண்டியால் குத்தி வைத்தால் ஒரு கிழங்கு 5 முதல் 8 நிமிடத்தில் வெந்துவிடும். பசிக்கு உதவும், ஆனால் இனிப்பு குறைவாகத்தான் இருக்கும்.

குக்கரில் எத்தனை விசில்?

நடுத்தரக் கிழங்கு முழுதாக என்றால் மிதமான தீயில் 2 அல்லது 3 விசில். அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கிழங்கு தண்ணீரில் முங்காதபடி ஒரு தட்டின் மேல் வையுங்கள். தண்ணீரில் கிடந்தால் கிழங்கு வெடித்துச் சொதசொதவென்று ஆகிவிடும். பாதியாக நறுக்கியிருந்தால் ஒரே விசில் போதும்.

குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை ஏறும். அதனால் இனிப்பு உண்டாகும் கட்டத்தைக் கிழங்கு வேகமாகக் கடந்துவிடும். இதற்கு நான் செய்வது இதுதான்: மூடியைப் போட்டு, வெயிட் போடாமல், அடுப்பைச் சிம்மில் 10, 15 நிமிடம் வைத்திருந்து, அப்புறம் வெயிட்டைப் போட்டுத் தீயைக் கூட்டுகிறேன். தண்ணீரை மட்டும் அரை டம்ளர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் தானாக இறங்கும்வரை திறக்க வேண்டாம்.

தோலைச் சாப்பிடலாமா?

தாராளமாக. மண் போகத் தேய்த்துக் கழுவினால் போதும். சமைக்கும்போது மட்டும் கழுவுங்கள். ஈரத்தோடு எடுத்து வைத்தால் அழுகிவிடும்.

நறுக்கியதும் வெள்ளையாகப் பால் வடிகிறது, கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடுகிறது. கெட்டுப்போனதா?

இல்லை. பால் வடிவது இந்தக் கிழங்கின் இயல்பு. காயாத, புதிய கிழங்கில் நிறையவே வடியும். கையிலும் கத்தியிலும் ஒட்டினால் தண்ணீரில் போகாது, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும்.

கறுப்பது வேறு விஷயம். கிழங்கிலுள்ள பீனாலிக் பொருள்கள் காற்றுப் பட்டதும் நிறம் மாறுகின்றன. நறுக்கி வைத்த ஆப்பிளில் நடப்பதே இங்கும் நடக்கிறது. நறுக்க நறுக்கத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். சிலருக்கு வெந்த பிறகு கிழங்கு சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் தெரியும். அதே பொருள்கள் இரும்புச் சத்தோடு சேர்ந்தால் அந்த நிறம் வரும். துருப்பிடித்த கத்தி, இரும்புச் சட்டி இரண்டையும் தவிர்த்து, வேகும் தண்ணீரில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் குறையும். பார்க்க நன்றாக இருக்காதே தவிர, சாப்பிடுவதில் கெடுதல் இல்லை.

பச்சைக் கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு முறை இரண்டு கிலோ நல்ல கிழங்கு வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்தேன். பத்து நாள் கழித்து எடுத்து வேகவைத்தால், வெளிப்பக்கம் குழைந்துவிட்டது, நடுவில் மட்டும் வேகாத கட்டி. இன்னும் அரை மணி நேரம் வேகவைத்தும் அந்தக் கட்டி அப்படியே இருந்தது, வெள்ளைச் சுண்ணாம்பைக் கடிப்பது போல. அவ்வளவு கிழங்கும் வீணானது இன்றும் மனதில் இருக்கிறது.

வெப்பமண்டலப் பயிர் இது. சுமார் 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் திசுக்கள் சேதமாகிவிடுகின்றன. வெட்டினால் உள்ளே பழுப்பாகவும் தெரியலாம். அப்படிச் சேதமானதை எந்த அடுப்பாலும் சரிசெய்ய முடியாது. 13 முதல் 15 டிகிரி வரை உள்ள இடம் மிகவும் ஏற்றது. அங்கே மாதக்கணக்கில் இருக்கும். வீட்டில் அப்படி ஓர் இடம் இல்லையென்றால் காற்றோட்டமான, இருட்டான மூலையில், கூடையிலோ காகிதப் பையிலோ வைத்து இரண்டு வாரத்துக்குள் சமைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வியர்த்து அழுகும்.

சொந்தமாகப் பயிரிட்டுத் தோண்டுகிறவர்கள் உடனே கழுவ வேண்டாம். 30 டிகிரி சூடும் நல்ல ஈரப்பதமும் உள்ள நிழலான இடத்தில் ஒரு வாரம் வைத்தால், தோண்டும்போது பட்ட காயங்கள் ஆறித் தோல் கெட்டிப்படும். அதற்குப் பிறகுதான் நெடுநாள் வைத்திருக்கத் தாங்கும்.

கிழங்கு கசக்கிறது. அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடலாமா?

கூடாது. இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கூன்வண்டு துளைத்தாலோ, பூசணம் பிடித்தாலோ, கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளச் சில கசப்புப் பொருள்களைச் சுரக்கிறது. இபோமியமரோன் அவற்றில் ஒன்று. அது ஈரலைப் பாதிக்கக்கூடியது. பூசணம் பிடித்த கிழங்கைத் தின்ற மாடுகள் நுரையீரல் பாதித்து மூச்சுத்திணறி இறந்தது பல முறை பதிவாகியிருக்கிறது. வேகவைத்தாலும் சுட்டாலும் இந்தப் பொருள்கள் முழுதாக அழிவதில்லை. கண்ணுக்குத் தெரியும் கறுப்பைத் தாண்டி, நன்றாகத் தெரியும் சதையிலும் அவை பரவியிருக்கலாம்.

வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. ஊசி குத்தியது போன்ற சின்னத் துளைகள், விரல் பட்டால் அமுங்கும் இடங்கள், வட்டமாகக் குழிந்த கறுப்புத் தழும்புகள் இருந்தால் எடுக்காதீர்கள். வண்டு துளைத்த கிழங்கை நறுக்கினால் உள்ளே வளைந்து வளைந்து பழுப்புச் சுரங்கம் ஓடும், வாடையும் காட்டமாக இருக்கும். அதை முழுதாக எறிந்துவிடுங்கள். தோண்டும்போது மண்வெட்டி பட்டு ஆறிப்போன காய்ந்த வடு மட்டும் என்றால் பயமில்லை. அதைச் சீவிவிட்டுச் சமைக்கலாம்.

முளைவிட்ட கிழங்கு?

சாப்பிடலாம். முளைவிட்ட உருளைக்கிழங்கில் சொலனின் என்ற நச்சு கூடும் என்று சொல்வார்கள். சர்க்கரைவள்ளி அந்தக் குடும்பமே இல்லை. உருளை கத்தரி, தக்காளியின் உறவு. இது மார்னிங் குளோரி என்ற பூக்கொடியின் குடும்பம், பூவைப் பார்த்தாலே தெரியும். முளையை ஒடித்துவிட்டுச் சமையுங்கள். கிழங்கு சுருங்கித் தொய்ந்திருந்தால் ருசி போயிருக்கும். அதை மண்ணில் ஊன்றிவிடலாம். இதன் கீரையும் சமைக்க ஏற்றதுதான்.

குழம்பில் போட்டால் கரைந்துவிடுகிறது. துண்டு துண்டாக நிற்க என்ன செய்வது?

முதலில் ரகம். ஆரஞ்சுச் சதை உள்ளவை பெரும்பாலும் நீர்ச்சத்து மிகுந்தவை, சீக்கிரம் குழையும். வெள்ளையோ வெளிர்மஞ்சளோ சதை உள்ளவற்றில் மாவு அதிகம், துண்டாக நிற்கும்.

ஆரஞ்சுக் கிழங்குதான் இருக்கிறது என்றால் ஒரு வழி சொல்கிறேன். ஒரு பங்கு கொதிக்கும் தண்ணீரும் ஒரு பங்கு சாதாரணத் தண்ணீரும் கலந்தால் ஏறக்குறைய 65 டிகிரி வரும். நறுக்கிய துண்டுகளை அதில் போட்டு மூடி, சூடு இறங்காதபடி மிகச் சிறிய தீயில் அரை மணி நேரம் வையுங்கள், கொதிக்க விடாதீர்கள். அந்தச் சூட்டில் வேறொரு நொதி வேலை செய்து, துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் பெக்டினை உறுதியாக்கும். பிறகு குழம்பில் போட்டுக் கொதிக்க வைத்தாலும் விளிம்பு கூடக் கரையாது. இனிப்பு உண்டாகும் சூடும் அதுவே என்பதால், ஒரே வேலையில் கிழங்கு கூடுதலாக இனிக்கவும் செய்யும்.

புளிப்பும் கிழங்கைக் குழையாமல் காக்கும். புளி, தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் முதலிலேயே சேர்த்தால் துண்டுகள் கெட்டியாக நிற்கும். மசித்துச் செய்யும் உணவு என்றால் இதற்கு நேர்மாறாக, கிழங்கு நன்றாக வெந்த பிறகுதான் புளிப்பைச் சேர்க்க வேண்டும்.

எண்ணெயில் பொரித்தால் வெளியே கறுகுகிறது, மொறுமொறுப்பும் வருவதில்லை. ஏன்?

சர்க்கரையும் ஈரமும்தான் காரணம். சர்க்கரை இருப்பதால் உருளைக்கிழங்கைவிட இது வேகமாக நிறம் மாறும். நீங்கள் நிறத்தைப் பார்த்து எடுத்துவிடுகிறீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் பிறகு வெளியே வந்து மொறுமொறுப்பை எடுத்துவிடுகிறது.

சீரான, விரல் தடிமனைவிட மெல்லிய துண்டுகளாக நறுக்கி, குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றி எடுங்கள். இந்த இடத்தில் சோம்பல் பட்டால் மற்றதெல்லாம் வீண். கொஞ்சம் கார்ன்ஃப்ளார் தூவிப் புரட்டி, 160 டிகிரி எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரியுங்கள். எடுத்து ஆறவிட்டு, 180 டிகிரியில் இரண்டாம் முறை ஒரு நிமிடம். உப்பு கடைசியில். பொன்னிறம் போதும், பழுப்பு வேண்டாம்: மாவுச்சத்துள்ள பொருள்களைப் பொரிக்கும்போது உண்டாகும் அக்ரிலமைடு என்ற கெடுதலான பொருள், நிறம் கறுக்கக் கறுக்கக் கூடும். ஓவனிலோ ஏர் ஃப்ரையரிலோ செய்தாலும், துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். நெருக்கிப் போட்டால் வறுபடாது, அவிந்துதான் போகும்.

ஊதா, ஆரஞ்சு, வெள்ளை: நிறத்தைப் பொறுத்து என்ன மாறும்?

ஊதாவுக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. புளிப்புப் பட்டால் அது சிவக்கும், சமையல் சோடா பட்டால் நீலம், பச்சை என்று மாறும். ஊதாக் கிழங்கை மாவோடு பிசைந்து கேக் செய்து, பச்சையாக வந்துவிட்டதே என்று கலங்குபவர்களுக்கு விடை இதுதான். மாவில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் நிறம் நிற்கும். நிறம் தண்ணீரிலும் இறங்கும் என்பதால் தோலோடு முழுதாக வேகவையுங்கள்.

ஆரஞ்சுக்குக் காரணம் பீட்டா கரோட்டின். உடலில் அது வைட்டமின் ஏ ஆகிறது. வைட்டமின் ஏ குறைபாட்டைப் போக்க ஆரஞ்சுச் சர்க்கரைவள்ளியை உருவாக்கிப் பரப்பிய மரியா அன்ட்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகிய மூவருக்கும் 2016-ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசில் பங்கு கிடைத்தது. கொஞ்சம் நெய்யோ எண்ணெயோ தேங்காயோ சேர்த்துச் சாப்பிட்டால்தான் பீட்டா கரோட்டின் உடலில் நன்றாகச் சேரும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

அளவோடு சாப்பிடலாம், எப்படிச் சமைக்கிறோம் என்பதும் முக்கியம். மேலே இனிப்புக்காக நான் அவ்வளவு புகழ்ந்த மெல்லச் சுடும் முறை, இவர்களுக்கு ஏற்றதல்ல. சுட்ட கிழங்கு இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். தண்ணீரில் வேகவைத்தது அதைவிட மெதுவாக ஏற்றும். வேகவைத்த கிழங்கு 100 கிராமில் சுமார் 76 கலோரியும் 18 கிராம் கார்போஹைட்ரேட்டும் இருக்கும். அதைச் சோற்றுக்கோ ரொட்டிக்கோ மேற்கொண்டு சாப்பிடாமல், அவற்றுக்குப் பதிலாக, பருப்பு, முட்டை, தயிர் போன்ற புரதத்தோடு சாப்பிடுவது நல்லது. வெந்ததை ஆறவைத்துச் சாப்பிட்டால் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறியிருக்கும். சிறுநீரகக் கோளாறினால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும், ஆக்ஸலேட் கற்கள் வந்தவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பச்சையாகச் சாப்பிடலாமா? வயிறு உப்புகிறதே?

ஒரு துண்டு கடிப்பதில் ஆபத்தில்லை. ஆனால் பச்சைக் கிழங்கில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது, மாவுச்சத்தும் செரிக்காமல் குடலுக்குப் போய் வாயுவாகிறது. நன்றாக வேகவைத்தால் இரண்டும் பெருமளவு தீரும். வெந்ததைச் சாப்பிட்டும் உப்பினால், அளவைக் குறைத்துப் பாருங்கள்.

வேகவைத்தது மீந்துவிட்டது. எத்தனை நாள் வைக்கலாம்?

வெந்த கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்கலாம். குளிரால் சேதமாவது பச்சைக் கிழங்குதான். ஆறியதும் மூடிய டப்பாவில் வைத்தால் 3, 4 நாள் இருக்கும். ஃப்ரீசருக்கு என்றால் மசித்து, மேலே எலுமிச்சைச் சாறு சில சொட்டு கலந்து, ஒரு வேளைக்குத் தேவையான அளவாகப் பிரித்து வையுங்கள். பச்சைத் துண்டுகளை அப்படியே உறைய வைத்தால் உருகும்போது சொதசொதவென்று ஆகிவிடும். சுட்ட கிழங்கு மீந்தால் நான் மசிப்பதில்லை. மறுநாள் காலையில் தோலோடு தடிமனான வட்டங்களாக நறுக்கி, தோசைக்கல்லில் கொஞ்சம் வெண்ணெய் விட்டு, நகர்த்தாமல் இரண்டு பக்கமும் சிவக்க விடுகிறேன். அடிப்பக்கம் முறுகிப் பாகு பிடித்திருக்கும். அதன் மேல் ஒரு சிட்டிகை உப்பு மட்டும்.